ஓடையின் பெயர்

பதுளை,
03.02.2025

அன்புள்ள நிரோஜா அக்காவுக்கு,

தங்கச்சி தனுஜா எழுதுவது. பறவைக் கணக்கெடுப்புக்கு வந்து தேயிலைத் தோட்டத்து உன் லய வீட்டில் தின்ற ரொட்டி இன்னும் நாக்கில் இருக்கிறது. உங்கள் ஓடையில் நான் பதிவு செய்த குரல் சீட்டிக் குருவியுடையதுதானாம். அதுவும், நாம் பார்த்த நீல வால்காக்கையும் இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லை. அழியும் உயிரினங்களின் சிவப்புப் பட்டியலில் வால்காக்கை அழிவுக்கு ஆளாகக்கூடிய பறவை. குருவியின் நிலை அதைவிட ஒரு படி மோசம். வால்காக்கை தோட்டத்துக்குள்ளும் இரை தேடி வரும். குருவிக்கு நிழல் விழுந்த ஓடையை விட்டால் வாழ்வில்லை.

ஹோட்டல் கட்டுவதற்காக அந்த ஓடைக் காட்டை வெட்டக் கூடாது என்று வன இலாகாவுக்கு அறிக்கை எழுதுகிறேன். குருவியை முதலில் கேட்டவள் என்று உன் பெயரையும் போட்டிருக்கிறேன். இந்திரஜித் அத்தானை அந்த மரம் வெட்டும் வேலையை விடச் சொல்.

பாப்பாவுக்கு முத்தங்கள்.
தனுஜா

பண்டாரவளை,
09.02.2025

அன்பு தங்கச்சி,

ஹோட்டல் ஆளுங்க அத்தான் போனை வாங்கிப் பாக்கிறாங்க. அதான் எழுதி, கடைக்கார ஸாஹிர் நானாகிட்ட குடுத்து விடுறேன். நேத்து நான் தண்ணி பிடிக்கிற பீலிக்கரைக்கு ரெண்டு பேர் வந்தாங்க. "மைக்கோட வந்தது உன் தங்கச்சிதானே? பாப்பா எந்த ஸ்கூல்?"ன்னு கேட்டாங்க. சிரிச்சுக்கிட்டுத்தான் கேட்டாங்க. குடத்தை அங்கேயே போட்டுட்டு வீட்டுக்கு ஓடி வந்துட்டேன்.

பொழுது சாயும்போது சீட்டி கேட்டா, குருவியா ஆளான்னு தெரியாம கதவைச் சாத்திர்றேன். என் பேரையும் ஓடை பேரையும் எடுத்துரு. வால்காக்கையை மட்டும் எழுதேன். அதுவும் அரிய பறவைதானே?

உன் அக்கா
நிரோஜா

பதுளை,
12.02.2025

அன்புள்ள அக்கா,

உன் பெயரை எடுத்துவிட்டேன். ஓடையை எடுக்க முடியவில்லை. வால்காக்கையை மட்டும் எழுதினால், அது அடுத்த காட்டுக்குப் பறந்துவிடும் என்று சொல்லி வெட்டிவிடுவார்கள். அறிக்கை வெள்ளிக்கிழமை போகிறது.

எனக்கும் பயம்தான். நான் தங்கியிருக்கும் போர்டிங் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றால் விளக்கை அணைத்துவிடுகிறேன். பாப்பாவைக் கூட்டிக்கொண்டு இங்கே வந்துவிடு அக்கா. பொலிசுக்குச் சேர்ந்தே போவோம்.

தனுஜா

பண்டாரவளை,
20.03.2025

தனுஜா,

மரம் வெட்டுறது நின்னுருச்சு. வன இலாகா ஆபீசர்மாரு வந்து, வெட்டக் கூடாதுன்னு போர்டு வச்சிட்டுப் போனாங்க. அன்னைக்குச் சாயந்தரமே ஹோட்டல் ஆளுங்க அத்தானை வேலைன்னு கூட்டிட்டுப் போனாங்க. மறுநாள் ஓடைக்கரையில கிடந்தாரு. உயிர் இருக்கு. கை உடைஞ்சிருச்சு. யாரு அடிச்சதுன்னு கேட்டா, "வழுக்கி விழுந்தேன்"னு மட்டும் சொல்றாரு. பொலிசுக்குப் போக விட மாட்டேங்கிறாரு.

இன்னைக்கு லயத்தைக் காலி பண்றோம். எங்கேன்னு சொல்ல மாட்டேன். உனக்குத் தெரிஞ்சா உன்கிட்ட வந்து கேப்பாங்க. ஸாஹிர் நானாவுக்கும் சொல்லல. தேடாதே.

சித்தி எப்ப வருவாங்கன்னு பாப்பா கேட்டா. வர மாட்டாங்கன்னு சொல்லிட்டேன்.

நிரோஜா