வலத்தோள் முந்தானை

தமிழ்ப் பள்ளிக்கூடம்,
புக்கிட் செனா தோட்டம், ஜித்ரா.
2 மார்ச் 1943

படம் பிடிக்கும் சின்னையா அவர்களுக்கு,

வணக்கம். நான் தோட்டத்து ஆட்களை வேலை வாங்கும் இருளப்பன் மண்டோரின் மகள் நவமணி, இந்தப் பள்ளிக்கூடத்தின் ஆசிரியை. பொங்கலுக்கு மறுநாள் நீங்கள் சைக்கிளில் வந்து, பள்ளிக்கூட வாசலில் என்னை நிற்கவைத்து ஒரு படம் எடுத்தீர்கள். அந்தப் படத்தால் பத்து நாளாக எங்கள் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

படம் எதற்கு என்று உங்களுக்கே தெரியும். பெண்டாங்கில் அரிசி ஆலையில் கணக்கு எழுதும் கிராணி ஒருவருக்கு என்னைக் கேட்டிருந்தார்கள். இந்தச் சண்டைக் காலத்தில் நேரில் வந்து பார்க்க முடியாது, படம் அனுப்புங்கள் என்றார்கள். அனுப்பினோம். திரும்பி வந்துவிட்டது. பெண் முந்தானையை வலத்தோளில் போட்டிருக்கிறாள், மூக்குத்தியை இடப்பக்கம் குத்தியிருக்கிறாள், எங்கள் சனத்தில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை, உண்மையில் நீங்கள் யார் என்று மாப்பிள்ளையின் தாயார் கேட்டு எழுதியிருக்கிறார்.

என் முந்தானை இடத்தோளில்தான் இருந்தது. மூக்குத்தி வலப்பக்கம்தான். எல்லாவற்றையும் திருப்பிப் போட்டவர் நீங்கள். "நீயாச்சும் பாத்திருக்கக் கூடாதா?" என்று அப்பா என்னைத் திட்டுகிறார். பார்க்கத்தான் பார்த்தேன். தினமும் கண்ணாடியில் தெரிகிற முகம் அப்படித்தானே இருக்கிறது! எனக்குச் சரியாகவே பட்டது.

கலியாணமாகாத பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அப்பாவுக்கு உறக்கம் இல்லை. சித்திரைக்குள் முடித்துவிட வேண்டும் என்று துடிக்கிறார். ஆகவே சரியான படம் ஒன்றை, கருவாடு கொண்டுவரும் அபூபக்கர் பாயிடம் உடனே கொடுத்தனுப்பவும்.

இப்படிக்கு,
இ. நவமணி

கோலா கெடா,
9 மார்ச் 1943

மதிப்பிற்குரிய ஆசிரியை அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை பயந்தேன். இரண்டாம் முறை வெட்கப்பட்டேன். மூன்றாம் முறை, கண்ணாடி பற்றி எழுதிய இடத்தில் சிரித்துவிட்டேன். மன்னிக்க வேண்டும்.

தவறு முழுக்க என்னுடையதுதான். எங்கள் தொழிலில் படம் முதலில் கண்ணாடித் தகட்டில் விழும். தகட்டின் மருந்து பூசிய பக்கத்தில் காகிதத்தை வைத்து வெயில் காட்ட வேண்டும். நான் மறுபக்கத்தில் வைத்துவிட்டேன். வலது இடமாகிவிட்டது. இத்தனை வருடத்தில் எனக்கு இப்படி நேர்ந்ததில்லை. அன்றைக்கு ஏன் நேர்ந்தது என்பதை இன்னொரு நாள் சொல்கிறேன்.

உடனே வேறு படம் போட்டுத்தர ஆசைதான். ஆனால் காகிதம் இல்லை. சண்டைக்கு முன் வாங்கியது தீர்ந்துவிட்டது. அலோர் ஸ்டாரில் ஜப்பான்காரர்களின் ஆபீசுக்கு அடையாளப் படம் எடுத்துக் கொடுக்கிறேன். ஒரு தகட்டில் நாலு பேரை நெருக்கி நிறுத்தி எடுத்து, பிறகு கத்தரிக்கோலால் பிரிப்பேன். அந்த வேலை இருப்பதால்தான் என்னை இன்னும் சயாம் ரயில் பாதை வேலைக்கு லாரி ஏற்றவில்லை. அவர்கள் தரும் காகிதம் எண்ணித் தருவது, அதில் ஒன்றைக்கூடத் தொட முடியாது. கடிகாரம் வேறு டோக்கியோ நேரம் காட்டுகிறது. எட்டு மணிக்கு ஆட்களை வரிசையில் நிறுத்துகிறார்கள், சூரியனுக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை.

இப்போது நானே காகிதம் செய்து பார்க்கிறேன். உப்பும் வாத்து முட்டையின் வெள்ளைக்கருவும் பூசி, அதன் மேல் வெள்ளிக் கரைசல் தடவினால் வெயிலில் படம் ஏறும். முட்டையும் உப்பும் இங்கே நிறைய உண்டு. வெள்ளிக்குத்தான் எங்கே போவது என்று தெரியவில்லை. பொறுத்துக்கொள்ளச் சொல்லி அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள்.

தங்கள்,
சின்னையா

புக்கிட் செனா தோட்டம்,
15 மார்ச் 1943

அன்புள்ள சின்னையா அவர்களுக்கு,

அப்பா பொறுக்கிற ஆள் இல்லை. இத்துடன் என் கொலுசு ஒன்றைப் பாயிடம் கொடுத்திருக்கிறேன். அதன் ஜோடி ஆற்றில் போய்விட்டது. ஒற்றைக் கொலுசை வைத்துக்கொண்டு நான் என்ன நொண்டியா விளையாடப் போகிறேன்? உருக்கிக்கொள்ளுங்கள். மீந்தால் உங்கள் வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இங்கே நான் பிள்ளைகளுக்கு ஜப்பான் மொழியில் ஒன்று, இரண்டு, மூன்று, "இச்சி, நி, சான்" சொல்லிக் கொடுக்கிறேன். இரவு படித்து, காலையில் சொல்லிக் கொடுப்பது. எனக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு நாள்தான் வித்தியாசம். மத்தியானம் எல்லோரும் பள்ளிக்கூடத்தின் பின்னால் மரவள்ளிக்கு மண் அணைக்கிறோம். இந்தக் கடிதம்கூட ஒரு பிள்ளையின் பழைய கணக்குத் தாளின் பின்புறம்தான். முன்பக்கத்தைப் பார்க்காதீர்கள், எல்லாம் தப்பு.

நீங்கள் நாலு பேரை ஒரே தகட்டில் அடைப்பதைத் தவிர வேறு படமே எடுப்பதில்லையா? அன்று வந்தபோது மரங்களையும் கிழங்கு அரைக்கிற பெண்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றீர்கள், அதனால் கேட்கிறேன்.

அன்புடன்,
நவமணி

கோலா கெடா,
29 மார்ச் 1943

அன்புள்ள நவமணிக்கு,

படம் இத்துடன் இருக்கிறது. உங்கள் கொலுசை இங்குள்ள பத்தர் திராவகத்தில் கரைத்துச் சுத்தம் செய்து கொடுத்தார். ஆறு காகிதம் தேறியது. மூன்று கறுத்துவிட்டன, ஒன்றை ஆடு தின்றுவிட்டது. முட்டை வாசனைக்கு வந்திருக்கும். ஐந்தாவதுதான் இது. மூக்குத்தி வலப்பக்கம், முந்தானை இடத்தோள். பெண்டாங் அம்மாள் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

கேட்டீர்கள், சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு தகட்டை யாரும் கேட்காத படத்துக்கென்று ஒதுக்கியிருக்கிறேன். படத்துக்கு நிற்கிறவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். நான் அவர்கள் மூச்சு விடுகிற நேரத்தைப் பிடிக்கப் பார்க்கிறேன். இங்கே கருவாடு காயப்போடும் சித்தி என்ற மலாய் அம்மாள், மழை விழுந்ததும் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினாள். அதை எடுத்தேன். படகுக்குத் தார் பூசுகிறவர் பீடிக்கு நெருப்புக் கேட்டுத் திரும்பியதை எடுத்தேன். மொத்தம் இருபத்தாறு தகடு சேர்ந்திருக்கிறது. யாருக்கு என்று கேட்டால் பதில் இல்லை, ஆனால் அவற்றை எடுக்கிற நாளில் எனக்குச் சாப்பாடு நன்றாக இறங்குகிறது.

அதில் ஒன்று உங்களுடையது. அன்று உங்கள் படம் முடிந்ததும், ஜன்னலில் எட்டிப் பார்த்த பிள்ளைகளை அதட்டத் திரும்பினீர்கள், அதட்டல் வராமல் சிரித்துவிட்டீர்கள். உங்களைக் கேட்காமல் எடுத்துவிட்டேன். ஆறாவது காகிதம் அதற்குத்தான் போனது. வேண்டாம் என்றால் தகட்டோடு அனுப்பிவிடுகிறேன். உங்கள் படத்தைத் திருப்பிப் போட்ட அன்று என் கையில் வேலை இருந்தது, கண் அந்த இன்னொரு தகட்டில் இருந்தது. அதுதான் காரணம்.

மறைக்காமல் எழுதுகிறேன். இந்தப் படத்தைக் கழுவும்போது, இது பெண்டாங்கில் யாருக்கும் பிடிக்காமல் போகட்டும் என்று நினைத்தேன். இதை எழுதிய கடிதத்தைக் கிழித்துப் போடலாம் என்றால் தாளுக்குத் தட்டுப்பாடு. எனக்கு நிலையான வேலை கிடையாது, அலோர் ஸ்டாரில் ஓர் அக்காவைத் தவிர வேறு யாரும் கிடையாது. உங்களுக்கு நல்லது எதுவோ அதுவே நடக்கட்டும்.

அன்புடன்,
சின்னையா

புக்கிட் செனா தோட்டம்,
8 ஏப்ரல் 1943

அன்புள்ள உங்களுக்கு,

பெயர் எழுதக் கை வரவில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் படத்தில் குறை இல்லை. பெண்டாங்கில் பிடித்துவிட்டது. சம்மதம் என்று எழுதினார்கள். கூடவே, முதல் படம் அப்படி வந்ததால் சந்தேகம் தீரவில்லை, பெண்ணை ஒருமுறை பெண்டாங்குக்கு அழைத்துவந்து நடத்திக் காட்டுங்கள் என்றும் எழுதியிருந்தார்கள்.

அப்பா கடிதத்தை மடித்துப் பைக்குள் வைத்தார், எடுத்தார், மறுபடி வைத்தார். "என்னா இது, மாட்டுச் சந்தையா?" என்றார். இதைவிட நல்ல நேரம் வராது என்று நினைத்து, என் மனதில் ஒருவர் இருக்கிறார் என்று நான் சொல்லிவிட்டேன்.

"யாரு?" என்றார்.

"படம் புடிக்கிற சின்னையா."

"அந்த வலது இடது தெரியாதவனா?"

"அவருதாம்பா."

"அவங்கிட்ட என்னா இருக்கு?"

"சைக்கிள் இருக்கு, கேமரா இருக்கு. நம்மகிட்ட என்னா இருக்கு? மரவள்ளிக் கிழங்குதானே."

அப்பாவுக்குக் கோபம் வரும் என்று கதவுப் பக்கம் நகர்ந்து நின்றேன். சிரித்துவிட்டார். நம் சனமா என்று கேட்டார். தெரியாது என்றேன். பெண்டாங் கடிதத்தைப் பையிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தார். பிறகு, "ரெண்டு படம் பாத்தும் நம்பாத சனத்தக் கட்டி என்னாத்துக்கு" என்றார்.

அந்த இன்னொரு படம் உங்களிடமே இருக்கட்டும். எனக்கு அதைப் பார்க்க ஆசைதான், ஆனால் அவசரம் இல்லை, இனிமேல் பார்த்துக்கொள்ளலாம். கடிதம் வந்ததிலிருந்து வகுப்பில் சும்மா சும்மா சிரிப்பு வருகிறது. பிள்ளைகள் இச்சிக்கும் நிக்கும் நடுவில் என்னையே பார்க்கிறார்கள். நான் சந்தோஷமாக இருக்கிறேன். இதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

சித்திரை முதல் நாள் அக்காவை அழைத்துக்கொண்டு வாருங்கள். அப்பாவுக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். "படம் கிடம் அனுப்பச் சொல்லிராத" என்று சொல்லியிருக்கிறார். "ஆள நேர்ல வரச் சொல்லு."

உங்கள்,
நவமணி