ஒரு இஞ்சு ஆளும் ஆச்சி கொடுத்த ஜம்போவும்

அன்பு மாப்பிள்ளைக்கு, போன இடத்திலும் எதையாவது அளந்துகொண்டுதான் இருப்பீர்கள் என்ற நம்பிக்கையில் உங்கள் மச்சான் எழுதுவது.

இங்கே எல்லாரும் நலம். வள்ளி சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், என்னைத் திட்டுகிறாள். இதில் மூன்றாவதுதான் நல்ல செய்தி. நீங்கள் போன பிறகு என் தங்கச்சி யாரையுமே திட்டாமல் இருந்தாள். எங்களுக்கெல்லாம் அதுதான் பயமாக இருந்தது.

பள்ளிக்கூட ஆண்டு மலரில் உங்களைப் பற்றி யாராவது எழுத வேண்டும் என்றார்கள். வாத்தியார்கள் எழுதினால் உங்களைச் சாமியாக்கிவிடுவார்கள் என்று வள்ளி என்னிடம் தள்ளிவிட்டாள். மூன்றாம் வகுப்போடு நின்றுபோய், டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிழிக்கிறவன் நான். தப்பு இருந்தாலும் உங்களால் இனி சிவப்பு மையில் சுழிக்க முடியாது, அது ஒரு வசதி. நாலு பேர் படிக்கப் போகிறார்கள் என்பதால், வள்ளிக்குத் தெரியாமல் என் வண்டியில் ஏறி மதிய ஆட்டம் பார்க்க வந்ததை மட்டும் எழுதவில்லை.

சொல்ல வந்தது விமான பீரோவைப் பற்றி.

ஆகாய விமானம் வந்த கதையை வாயால் நடத்தினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகிறார்கள், கண்ணால் பார்க்கிற மாதிரி வகுப்பில் வைக்கப் போகிறேன் என்று கிளம்பினீர்கள். பினாங்கு, சிங்கப்பூரிலிருந்து வந்தவர்கள் வீடுகளில், பிள்ளைகள் ஒட்டி விளையாடி அலுத்துப்போட்ட பிளாஸ்டிக் விமானங்கள் கிடக்கும் என்று யாரோ சொன்னார்கள். என் லீவு நாளெல்லாம் உங்களோடு அமராவதிபுதூர், கோவிலூர் என்று தெருத் தெருவாக அலைந்தே போயிற்று.

சட்டைப் பையில் ஒரு மண் பொம்மை வைத்திருந்தீர்களே, ஞாபகம் இருக்கிறதா? நீங்களே பிடித்துக் காயவைத்து, வெள்ளை வேட்டி தீட்டிய ஒரு இஞ்சு ஆள். ஆறடி மனுசன் ஒரு இஞ்சு என்பது உங்கள் கணக்கு. எந்த வீட்டில் எந்த விமானத்தை எடுத்துக் காட்டினாலும், முதலில் அந்த ஆளைப் பக்கத்தில் நிறுத்துவீர்கள். விமானத்தின் கதவுக்குள் அவன் போகிற மாதிரி இருந்தால் எடுத்துக்கொள்வீர்கள். இல்லையென்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள். ஒரு வீட்டம்மா வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "என்ன வாத்தியாரே, பிளேனுக்குக் குறி பாக்குறீகளா?" என்று கேட்டது.

வெள்ளி நிறம், சிவப்புக் கோடு, சக்கரம் உள்ளே மடங்குகிற ஒன்றை நீங்கள் வேண்டாம் என்றபோது எனக்கு மனசே ஆறவில்லை.

"ஏன் மாப்ளே, கொஞ்சம் பெரிசா இருந்தா என்ன, சிறுசா இருந்தா என்ன? பிள்ளைகளுக்கு யாரு போய்ச் சொல்லப் போறா?"

"மச்சான், உங்க பஸ்ஸையும் ஒரு சைக்கிளையும் ஒரே நீளத்துக்குச் செஞ்சு பக்கத்துல பக்கத்துல வச்சா ஒத்துக்குவீகளா?"

"எங்க வண்டி போற வேகத்துக்கு ஒத்துக்கிடலாம்" என்றேன். சிரித்தீர்கள். ஆனால் வெள்ளி விமானத்தைத் திருப்பித்தான் கொடுத்தீர்கள்.

அப்படி ஒவ்வொன்றாகச் சேர்த்தவைதான் பீரோவுக்குள் போயின. அமெரிக்காவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் முதல்முதலில் பறக்கவிட்டதை மூங்கில் சிம்பிலும் பட்டக் காகிதத்திலும் நீங்களே செய்தீர்கள். அதற்கடுத்து முதல் உலகச் சண்டைக் காலத்து இரட்டை இறக்கை விமானம். அப்புறம் ஒற்றை ஆள் மட்டும் உட்காரும் போர் விமானம். நடுத்தட்டில் ஒரே ஓர் இடம் மிச்சம் இருந்தது. அதற்குக் கோவிலூரில் ஒரு வீட்டுப் பரணிலிருந்து டகோட்டா இறங்கி வந்தது. அழுக்குப் பச்சை, முன்னால் இரண்டு காற்றாடி. நம் ஆள் அதன் வாசலில் அளவெடுத்துத் தைத்த மாதிரி நின்றான். ஜனங்கள் கூட்டமாக ஏறி ஊருக்கு ஊர் போனது இதில்தான், இது இல்லாமல் கதை நடுவில் அறுந்துபோகும் என்றீர்கள்.

அந்த நேரம் பார்த்துத்தான், பள்ளிக்கூடத்துக்கு வாரிக் கொடுக்கிற பெரிய வீட்டு ஆச்சியிடமிருந்து ஜம்போ ஜெட் வந்தது.

கண்ணாடி பீரோவே அந்த ஆச்சி கொடுத்ததுதான். இப்போது மகன் சிங்கப்பூரில் விமானக் கம்பெனி ஆபீசில் வாங்கியதென்று, ஸ்டாண்டோடு பளபளவென்று ஒரு ஜம்போவையும் கொடுத்தனுப்பினார்கள். உள்ளங்கை நீளம். நம் ஆளைப் பக்கத்தில் நிறுத்தினால், விமானத்தின் முதுகு அவன் இடுப்பைத் தாண்டவில்லை. அவனை நாலாக மடித்தாலும் உள்ளே போக மாட்டான். உலகத்திலேயே பெரிய விமானம் பட்டக் காகித விமானத்தின் அளவுக்கு இருந்தது.

"சார், பீரோ குடுத்த ஆச்சி மனசு கோணலாமா?" என்றார் ஹெட்மாஸ்டர்.

"பிள்ளைக கண்ணு கோணலாமா சார்?" என்றீர்கள்.

அந்தப் பேச்சு முடிவதற்குள் நீங்கள் போய்விட்டீர்கள். காலையில் பள்ளிக்கூடத்துக்குச் சட்டை மாட்டும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர்தான். சட்டைப் பையில் ஒரு இஞ்சு ஆள் இருந்தான். அவனை வள்ளி எடுத்து என் கையில் கொடுத்தாள்.

பீரோவைத் திறந்து வைக்க நாள் குறித்ததும் வள்ளி என்னைக் கூப்பிட்டாள். "அண்ணே, அந்தக் கடைசி எடத்துல அவுக ஒத்துக்கிட்டதுதான் இருக்கணும். வேற எதையாச்சும் வச்சாகன்னா நான் அந்தப் பள்ளிக்கூடத்து வாசலை மிதிக்க மாட்டேன்."

அவள் சொன்னால் செய்வாள். உங்களுக்குத் தெரியாததா?

ஹெட்மாஸ்டரையும் குற்றம் சொல்ல முடியாது மாப்பிள்ளை. அடுத்து ஒரு கட்டடம் வேண்டுமென்றாலும் ஆச்சி வீட்டு வாசலில்தான் அவர் போய் நிற்க வேண்டும். நான் டகோட்டாப் பெட்டியோடு போய்க் கேட்டபோது, "எனக்கும் அவர் சொன்னது புரியுதுங்க, ஆனா ஆச்சிக்கு யாரு சொல்றது?" என்றார். சொல்லாததோடு விட்டிருக்கலாம். ஆச்சிக்குச் சந்தோஷமாக இருக்கட்டும் என்று ஜம்போவில் பேர் வெட்டி வரச் சொல்லிப் பாத்திரக் கடைக்கு அனுப்பிவிட்டார்.

நம் ஊர்ச் சங்கதிதான் தெரியுமே. கல்யாணச் சீரில் பரப்பி வைக்கிற அண்டாவிலிருந்து கரண்டி வரைக்கும் பேர் இல்லாமல் ஒரு சாமான் வீட்டுக்குள் போகாது. பேர் வெட்டுகிறவரும் வழக்கம் போல மடியில் வைத்து, இறக்கையில் சின்ன உளியை நிறுத்தி, சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டினார். முதல் எழுத்தைத் தொடங்கவில்லை, இறக்கை கையோடு வந்துவிட்டது. பிசின் வைத்து ஒட்டிக் கொண்டுவந்தார்கள். சீக்கு வந்த கோழி மாதிரி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டு நின்றது உலகத்தின் பெரிய விமானம்.

திறப்பு நாளன்று ஒரு டிரிப்பை வேறு ஆளிடம் கொடுத்துவிட்டுக் காக்கிச் சட்டையோடு போனேன். வள்ளி டகோட்டாப் பெட்டியை அணைத்துக்கொண்டு கேட்டுக்கு வெளியிலேயே நின்றுவிட்டாள். "உள்ள எது இருக்குன்னு பாத்துட்டு வந்து சொல்லு. அப்பறம் வாரேன்" என்றாள்.

நடுத்தட்டில் சிவப்புத் துணிமேல் ஜம்போ. ஒட்டின இறக்கை தெரியாமல் இருக்க, அந்தப் பக்கம் ஒரு பூச்சரத்தைத் தொங்கவிட்டிருந்தார்கள். எனக்குச் சொற்பொழிவு வராது. பையிலிருந்து நம் ஆளை எடுத்து ஜம்போ பக்கத்தில் நிறுத்திவிட்டுத் தள்ளி நின்றேன். ஹெட்மாஸ்டர் முகம் வேர்த்தது.

ஆச்சி வந்தார்கள். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார்கள்.

"இதாரு?"

"பிரயாணி, ஆச்சி" என்றேன்.

"இவன் எப்புடி இதுக்குள்ள ஏறுவான்?"

"அதான் ஆச்சி, கிளம்பாம நிக்குது வண்டி."

ஹெட்மாஸ்டர் கண்ணாலேயே என்னை எரித்தார். ஆச்சி விடவில்லை. மற்ற விமானங்களிடம் எல்லாம் அவனைக் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார்கள். எல்லாவற்றிலும் அவன் சரியாக இருந்தான். இது எங்கள் மாப்பிள்ளையின் கணக்கு ஆச்சி, எல்லா விமானத்துக்கும் ஒரே ஆள்தான் என்றேன்.

"நான் மகன்கிட்டப் போனேனே, அந்தப் பிளேன்ல ஒரு தெரு சனம் உக்காந்திருந்துச்சு. ஒரு கோடியில இருந்து பாத்தா மறுகோடி தெரியல. இம்புட்டுக்கோண்டு இருக்குன்னு பிள்ளைககிட்டச் சொன்னா நம்ம பேச்சை எவன் நம்புவான்? பூவை எடு. இதென்ன றெக்கை ஒடிஞ்சு கெடக்கு?"

ஹெட்மாஸ்டர் பேர் வெட்டின கதையைத் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார். ஆச்சி சிரித்த சிரிப்பில் கண்ணாடிக் கதவு அதிர்ந்தது. "பிளாஸ்டிக்குல பேரு வெட்டப் போனீகளாக்கும்! பீரோவுல வெட்டினாப் போதாதா சாரே? இத எடுத்து உங்க மேசையில வச்சுக்கங்க. அது சரி, இந்த ஆளுக்குச் சரியா ஜம்போ செஞ்சா எம்புட்டு நீளம் வரும்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு ஹெட்மாஸ்டரைப் பிடிக்க முடியவில்லை. ஸ்டாண்டில் போட்டிருந்த நிஜ விமானத்தின் அடிக் கணக்கைப் பார்த்து, அவரே கரும்பலகையில் வகுத்தார். மூன்றடிக்கு மேல் வந்தது. பீரோவின் அகலமே அவ்வளவு கிடையாது. வேட்டியை மடித்துக் கட்டி ஸ்டூலில் ஏறி, பீரோவுக்கு மேலே சுவரில் மூக்கிலிருந்து வால் வரைக்கும் ஜம்போவைச் சாக்பீஸால் போட்டுவிட்டார். பிள்ளைகள் அண்ணாந்து பார்த்து 'ஓ' என்று கத்தினதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருப்பீர்களோ?

நான் கேட்டுக்கு ஓடினேன். "டகோட்டாதான்" என்றேன். வள்ளி உள்ளே வந்தாள். பெட்டியைப் பிரித்து அவளே நடுத்தட்டில் வைத்தாள். பொம்மையை எல்லாவற்றுக்கும் முன்னால் வைக்கலாமே என்று ஹெட்மாஸ்டர் மரியாதையாகச் சொன்னார். அவள் கேட்கவில்லை. டகோட்டாவின் வாசலுக்கு நேரே அவனை நிறுத்தினாள்.

"ஏறட்டும்ணே. எத்தனை நாளைக்குத்தான் வெளியிலயே நின்னு அளந்துக்கிட்டு இருப்பாக?"

கண்ணாடிக் கதவை நான்தான் சாத்தினேன் மாப்பிள்ளை.

சுவரில் இருக்கிற ஜம்போவுக்கு இப்போது நல்ல வெள்ளைப் பெயிண்டே அடித்தாகிவிட்டது. ஒடிந்த ஜம்போ ஹெட்மாஸ்டர் மேசையில் காகிதம் பறக்காமல் பார்த்துக்கொள்கிறது. இனி வருகிற ஒவ்வொரு ஜூன் மாதமும், பள்ளி திறப்பதற்குமுன் நானே போய் பீரோவைத் தூசி தட்டுவேன். யார் எந்த ஊரிலிருந்து எவ்வளவு அழகான விமானம் கொண்டுவந்தாலும், உங்கள் ஆளைக் கொஞ்சம் கீழே இறக்கிப் பக்கத்தில் நிறுத்துவேன். அவன் ஒத்துக்கொண்டால்தான் அது உள்ளே போகும். பார்த்து முடித்ததும் பழையபடி டகோட்டா வாசலிலேயே விட்டுவிடுவேன்.

அவனுக்கு நேற்று நான் பென்சிலால் ஒரு மீசை வைத்துவிட்டேன். அதை மட்டும் அழிக்கச் சொல்லாதீர்கள்.

வள்ளியின் அண்ணன்,
நீங்கள் எங்கே இருந்தாலும் உங்களுக்கு மச்சான்,
கருப்பையா