ஆறாவது ஸ்லைடு

என் அறைத்தோழிக்கு,

இன்று நம் ஆங்கிலப் பிரசன்டேஷனைத் தனியாகச் செய்தேன். நீ ஊருக்குப் போய் மூன்று வாரமாகிறது. இனியும் காத்திருக்க முடியாது என்று மேடம் சொல்லிவிட்டார்.

ஐந்து ஸ்லைடுகள் தடங்கலில்லாமல் போயின. ஆறாவது வந்ததும், நாம் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தபடியே, "இனி என் தோழி தொடர்வாள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு மைக்கை விட்டு இரண்டடி விலகி நின்றேன்.

"யாருக்கும்மா வழி விட்டு நிக்கிற?" என்றார் மேடம்.

"பஸ் லேட்டு மேடம், இப்ப வந்துருவா," என்றாள் முன்பெஞ்சு வாயாடி.

உன் பங்கு எனக்கு மனப்பாடம். இருந்தும் மைக்குக்குத் திரும்பிப் போகவில்லை.

"புதன்கிழமை வரைக்கும் டைம் தர்றேன். ரெண்டு பேரும் சேர்ந்து வாங்க. இல்லன்னா ரெண்டு பேருக்கும் முட்டைதான்," என்றார் மேடம்.

மார்க்குக்காக இதை எழுதவில்லை. உன் கட்டில் காலியாகக் கிடப்பதைப் பார்க்க முடியாமல் அதன்மேல் என் துணிகளைப் போட்டு வைத்திருக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு முன்பு வகுப்பில், இதே ஆறாவது ஸ்லைடில் நீ பாதியில் திணறி நின்றபோது எல்லோரும் சிரித்தார்கள். நான் குனிந்து மைக் வயரைச் சரிசெய்ததாக உன்னிடம் சொன்னேன். வயரில் ஒரு கோளாறும் இல்லை. நானும் சிரித்தேன்; முகத்தை மறைக்கத்தான் குனிந்தேன். நீ அதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியைக் கட்டினாய் என்று எனக்குத் தெரியும்.

புதன் காலை பத்து மணிக்கு மறுபடியும் விலகி நிற்பேன். நீ வந்து பேசு. எவ்வளவு நேரம் திணறினாலும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
உன் குறட்டை இல்லாமல் தூக்கம் வராதவள்