குட்டி சாப்பிட மாட்டேன் என்கிறது

கவுஞ்சி
2.11.2025

அன்புள்ள சுந்தரிக்கு,

நான் சுகம் என்று எழுத வேண்டும், எழுதிவிட்டேன். உன் சுகத்தை உன் அக்காவிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறேன். "போன்ல அவரு சத்தமே எனக்கு ஆகாது, சொல்றதுன்னா எழுதி அனுப்பச் சொல்லு" என்றாயாமே. பத்தாம் வகுப்புப் பரீட்சைக்குப் பிறகு நான் நாலு வரி சேர்த்து எழுதுவது இப்போதுதான். எழுத்தைப் பார்த்துச் சிரிக்காதே. காரட் ஏற்ற வந்த சைஃபுல்லா, "வெரசா முடிங்கண்ணே, ஒட்டன்சத்திரம் போயி லோடு எறக்கணும்" என்று லாரியில் உட்கார்ந்து ஆரன் அடிக்கிறான். அவனிடமே கொடுத்து விடுகிறேன்.

விஷயம் இதுதான். ஒரு நாய்க்குட்டி கொண்டுவந்திருக்கிறேன். பள்ளங்கி இராமலிங்கம் வீட்டு நாய் போட்டது, இரண்டு மாதக் குட்டி. பட்டாணி என்று பெயர் வைத்திருக்கிறேன். காட்டுப்பன்றித் தொல்லைக்குக் காவல் வேண்டும் என்றுதான் கொண்டுவந்தேன், வேறு காரணம் இல்லை. வந்த அன்று உரமூட்டைக்குப் பின்னால் போய்ப் பதுங்கியது, அஞ்சு நாளாக அங்கேயேதான் கெடக்கு. சாப்பிட மாட்டேன் என்கிறது. "ஏலே பட்டாணி, வாலே" என்று கூப்பிட்டால் நின்ற இடத்திலேயே மூத்திரம் போய்விடுகிறது. உங்கள் அப்பா வீட்டில் நாலு நாய் வளர்ந்ததே, உனக்குத் தெரியாததா? என்ன செய்யலாம் என்று எழுது.

வேறு காரணம் இல்லை என்று எழுதியது பொய். நாம் இரண்டு பேர் மட்டும் இருந்த வீடு. நீ போன ஆகஸ்டிலிருந்து நான் அடுப்போடு பேசிக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு
கந்தவேல்


ஒட்டன்சத்திரம்
6.11.2025

கவுஞ்சி கந்தவேல் அவர்களுக்கு,

குட்டி பட்டினி கிடக்கிறதே என்றுதான் பதில் எழுதுகிறேன். வேறு எதற்கும் இல்லை.

முதலில் அதைக் கூப்பிடுவதை நிறுத்துங்கள். எதிர்மலையில் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு கையளவு குட்டியைக் கூப்பிட்டால் அது என்ன செய்யும்? மூத்திரம்தான் போகும். அதற்காகத் திட்டாதீர்கள். துடைத்துவிட்டுப் பேசாமல் உங்கள் சோலியைப் பாருங்கள்.

இராமலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் போய், தாய் நாய் படுத்த சாக்கில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வாருங்கள். தாய் வாசனை இருந்தால் பாதிப் பயம் போய்விடும். அடுப்பு மூலையில் ஒரு அட்டைப்பெட்டியைச் சாய்த்து வைத்து அதைப் போடுங்கள். அங்கே குளிர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா, பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி வையுங்கள். பால்சோறு பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். நீங்கள் கொஞ்சம் தள்ளித் தரையில் உட்காருங்கள். அதன் முகத்தைப் பார்க்காதீர்கள். கை நீட்டாதீர்கள். அதுவாக வந்தால்தான் உண்டு. வருகிறவரை உட்கார உங்களுக்குப் பொறுமை இருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

பூண்டு பிடுங்க வந்த இருபது பேர் முன்னால், "கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? தோட்டத்துப் படலத் தொறந்து போட்டுட்டு வந்திருக்கே, காட்டெருமை பூராத்தையும் மிதிச்சிருச்சு" என்று கத்தினீர்களே, அப்போது நானும் எங்கேயாவது மூட்டைக்குப் பின்னால் போய்ப் பதுங்கலாமா என்றுதான் நினைத்தேன். அதனால் சொல்கிறேன், குட்டியிடம் கத்தாதீர்கள்.

சண்முகசுந்தரி


கவுஞ்சி
19.11.2025

அன்புள்ள சுந்தரிக்கு,

நீ சொன்னபடி எல்லாம் செய்தேன். சாக்குத்துண்டு போட்டதும் அதில் மூக்கை நுழைத்துக்கொண்டு அன்றைக்கே தூங்கியது. மூன்றாம் நாள், நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தபோது பால்சோற்றை நக்குகிற சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது, நம்பினால் நம்பு.

அதோடு இருந்திருக்க வேண்டும். மேல்காட்டுத் தங்கமுத்து வந்தான். "காவலுக்கு வளக்குறதுன்னா குட்டியிலயே வெடிச் சத்தம் பழக்கணும்ணே, இல்லேன்னா பன்னிக்கு வெடி போடுறப்ப இது மொதல்ல ஓடும்" என்றான். நம் ஊரில் எல்லாரும் செய்வதுதானே என்று நானும் தோட்டத்துக் கல்தூணில் கட்டிவைத்து, தீபாவளி மிச்சத்தில் ஒரு வெடியைப் பற்றவைத்தேன். கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியே போய்விட்டது.

இரண்டு நாள் தேடினேன். ரோட்டுப் பாலத்துக்கு அடியில் தண்ணீர்க் குழாய்க்குள் கண்ணு மட்டும் மினுங்கியது. பார்த்த சந்தோஷத்தில் கத்தினேன். இன்னும் உள்ளே போய்விட்டது. அப்புறம்தான் புத்தி வந்தது. குழாய்க்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தேன். வெள்ளனே உட்கார்ந்தவன், மத்தியானம் வரைக்கும் சாரலில் நனைந்துகொண்டு அப்படியே இருந்தேன். போகிற வருகிறவர்கள், "என்னண்ணே, வீட்ல யாருமில்லேன்னு ரோட்டுக்கு வந்துட்டீகளா?" என்று கேலி பண்ணினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. கடைசியில் ஈர மூக்கு ஒன்று என் கையில் பட்டது.

அங்கே உட்கார்ந்திருந்தபோது உன்னை நினைத்தேன். சுந்தரி, அன்றைக்குப் படலைத் திறந்து போட்டது நான்தான். சொட்டுநீர்க் குழாய் எடுக்கப் போனவன் சாத்தாமல் வந்துவிட்டேன். அன்று சாயங்காலமே எனக்கு ஞாபகம் வந்தது. சொல்ல வாய் வரவில்லை. என்னை மன்னித்துவிடு. இனிமேல் கத்த மாட்டேன். குட்டி வந்துவிட்டது. நீ எப்போது வருகிறாய்?

உன்
கந்தவேல்


ஒட்டன்சத்திரம்
25.11.2025

மாமாவுக்கு,

படலைத் திறந்து போட்டது நீங்கள்தான் என்று எனக்கும் அன்றைக்கே தெரியும், நான் சாத்திவிட்டு வந்த பிறகு அந்தப் பக்கம் போனது நீங்கள் மட்டும்தான். நீங்கள் சொல்வீர்கள் என்று ஒன்பது நாள் அந்த வீட்டில் காத்திருந்தேன். பத்தாம் நாள் பஸ் ஏறினேன்.

இப்போது சொல்லிவிட்டீர்கள். வாசித்துவிட்டு அக்கா பார்க்காமல் அழுதேன். ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். குட்டி வந்த மாதிரி நானும் வந்துவிடுவேன் என்று நினைக்கிறீர்கள். அதற்குப் போக வேறு இடம் இல்லை மாமா. எனக்கு இருக்கிறது. இங்கே அக்கா வீட்டு மாடியில் ஜாக்கெட் தைக்கிறேன், என் சாப்பாட்டுக்கு வருகிறது. யாராவது செருப்பைக் கழற்றுகிற சத்தம் கேட்டால் இப்போதெல்லாம் என் கை தையலை விட்டு நிற்பதில்லை. அங்கே நீங்கள் வருகிற சத்தத்துக்கு நின்றது. இருபது வருஷம் நின்றது. உங்களுக்கு அது தெரியவே தெரியாது.

உங்களைத் தேடவில்லை என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். போன வாரம் சந்தை வழியாகப் போனேன். வரிசையாகக் காரட் மூட்டை. ஒரு மூட்டையின் வாய்க்கட்டு உங்கள் கைக்கட்டு. இடது பக்கம் இழுத்து இரண்டு சுற்று, வேறு யாரும் அப்படிக் கட்ட மாட்டார்கள். கொஞ்ச நேரம் அதில் கை வைத்துக்கொண்டு நின்றேன். கமிஷன் கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்றார். ஒன்றும் வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

எப்போது வருகிறாய் என்று மட்டும் கேட்காதீர்கள். கேட்டால் எழுதுவதையும் விட்டுவிடுவேன்.

சுந்தரி


கவுஞ்சி
7.12.2025

அன்புள்ள சுந்தரி,

கேட்கவில்லை.

பட்டாணி இப்போது என் கூடவே தோட்டத்துக்கு வருகிறது. வெடி போடுவதை விட்டுவிட்டேன், தகரம் தட்டிக்கொள்கிறேன். பன்றி கொஞ்சம் தின்றுவிட்டுத்தான் போகிறது, போகட்டும்.

உன் கை நின்றது எனக்குத் தெரியாது. அதை வாசித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. மூட்டை கட்டுகிறபோதெல்லாம் இதை நீ தொடுவாயோ என்று நினைத்துக் கட்டுகிறேன். உன்னைப் பார்க்காமல் என்னால் முடியவில்லை. வெட்கத்தை விட்டு எழுதுகிறேன்.

வருகிற வியாழக்கிழமை சைஃபுல்லா கூட லோடோடு வருகிறேன். உங்கள் தெருமுனை டீக்கடையில் பத்து மணியிலிருந்து மூன்று மணி வரைக்கும் இருப்பேன். வீட்டு வாசலுக்கு வர மாட்டேன். போன் போட மாட்டேன். உன்னை வரச் சொல்லி எழுதவில்லை. நான் அங்கே இருப்பேன் என்று மட்டும்தான் எழுதுகிறேன்.

உன்
கந்தவேல்


ஒட்டன்சத்திரம்
12.12.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று மாடி ஜன்னலில் இருந்து பார்த்தேன். இளைத்துப்போய் இருக்கிறீர்கள். தாடி வேறு. அஞ்சு டீ குடித்தீர்கள், எண்ணினேன்.

பன்னிரண்டு மணி வாக்கில் ஸ்கூட்டர்காரர் ஒருவர் இடித்து, கையிலிருந்த டீ பூராவும் உங்கள் வெள்ளைச் சட்டையில் கொட்டியதே, அப்போது நான் ஜன்னல் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இதோ இப்போது தெருவே அதிரப்போகிறது என்று கண்ணை மூடிக்கொண்டேன். சத்தமே இல்லை. திறந்து பார்த்தால் துண்டை எடுத்துச் சட்டையைத் துடைத்துக்கொண்டு இருக்கிறீர்கள். நான் மேலே இருந்து பார்ப்பது உங்களுக்குத் தெரியாது. யாருக்காகவும் நடிக்கவில்லை என்று எனக்கு விளங்கியது.

மூன்று மணிக்கு நீங்கள் எழுந்தபோது பாதிப் படி இறங்கிவிட்டேன். அதற்கு மேல் கால் வரவில்லை. என்னைத் திட்டாதீர்கள்.

அடுத்த வியாழக்கிழமையும் வாருங்கள். நான் வருவேன் என்று சொல்லவில்லை. வராமலும் போகலாம், அப்படிப் போனால் மனசு விட்டுவிடாதீர்கள். வெறும் டீயைக் குடித்து வயிற்றைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் கடையில் வடை கிடை வாங்கித் தின்றுவிடாதீர்கள், பழைய எண்ணெயில் போடுகிறார்கள். நான் இட்லி கட்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உங்கள்
சுந்தரி