வெள்ளை நூல் கோர்த்த ஊசி

செவ்வாய்க்கிழமைக்காரிக்கு,

இன்று காலை கலா, ஊசி குத்தி வைக்கும் நம் சின்னத் தலையணையைக் குப்பைக் கூடையில் போடப் போனாள். எட்டிப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அது என் மூக்கருகே வந்துவிட்டது. தேங்காய் எண்ணெய் வாசம், அதற்கடியில் லேசாக மருதாணி. உன் தலை வாசம். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன்.

“என்னாம்மா இப்படிப் பறிக்கிறீங்க? சிக்கு வாட அடிக்குதுலா. அதான் காந்தம் வெச்சது ஒண்ணு வாங்கியாந்திருக்கேனே, ஊசியக் கிட்ட கொண்டு போனாலே பட்டுனு ஒட்டிக்கும்.”

“வாட அடிச்சா மூக்கப் பொத்திக்கோ” என்றேன்.

அந்தத் தலையணைக்குள் என்ன அடைத்திருக்கிறது என்று என் மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் கை கழுவ ஓடுவாள். அது உனக்கும் எனக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். இப்போது எனக்கு மட்டும்.

கலாவையும் குறை சொல்ல முடியாது. திரிங்காப்பில் பூத்தோட்டத்தை மாப்பிள்ளையிடம் விட்டுவிட்டு, வேன் நிறைய பிளாஸ்டிக் டிராயர்களோடு வந்திருக்கிறாள், எனக்குத் தையல் அறை ஒழுங்கு செய்து தர. பெரியவன் ஈப்போவுக்கு வேலைக்குப் போனதிலிருந்து அவன் அறை சும்மாதானே கிடந்தது? “அத தையல் ரூமா ஆக்கு புள்ள. நடுவீட்ல ஊசி செதறிக் கெடக்குது, ஒரு நாளைக்கு யாராச்சும் குண்டில குத்திக்கத்தான் போறாங்க” என்று நீ ஓயாமல் சொல்வாய். நான் கேட்டேனா? நீ உயிரோடு இருந்தவரை கேட்கவில்லை. இப்போது செய்கிறேன். என் புத்தி உனக்குத் தெரியாததா.

மிஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டிருக்கிறோம். உட்கார்ந்தால் நேரே தேயிலைச் சரிவு. காலையில் பனி மூடியிருக்கும், பத்து மணிக்குமேல் ஒவ்வொரு வரிசையாகத் தெரியவரும். துணி வெட்ட ஒரு மேசை. சுவரில் கத்திரிக்கோல்கள் தொங்க ஆணிகள். நூல்களையெல்லாம் கலா நிறம் பார்த்து அடுக்கிவிட்டாள்: சிவப்பு ஒரு டிராயர், நீலம் ஒரு டிராயர். கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் நீ அடுக்கிய ஒழுங்கு அதுவா?

டவுனில் உன் மசாலாக் கடையில் காலியான டப்பாக்களைக் கழுவிக் கொண்டு வருவாய். நிறத்துக்கு ஒரு டப்பா இல்லை, பண்டிகைக்கு ஒரு டப்பா. தைப்பூச டப்பாவில் மஞ்சள் நூலும் காவடிக்காரர்களின் வேட்டிக் கரையும். பெருநாள் டப்பாவில் பச்சை நூல், சரிகை லேஸ், குஷன் உறைக்கு ஜிப். மழை டப்பாவில் கம்பளி நூலும், போர்வைக்குச் சேர்த்த ஒட்டுத் துணிகளும். தீபாவளி டப்பாவுக்கு மூடியே போட முடியாது, அத்தனை சாமான். எல்லாம் அலமாரியில் மாத வரிசையில் நிற்கும். உன் பெருநாள் மட்டும் வருடா வருடம் கொஞ்சம் முன்னால் வருகிறதே, அந்த டப்பாவும் அலமாரியில் நகர்ந்துகொண்டே போகும். ஒரு காலத்தில் அதுவும் தீபாவளி டப்பாவும் ஒட்டி நின்றன. அந்த வருடங்களில் நாம் சோறு தின்ன நேரமில்லாமல் தைத்தோம். என்ன கழுவினாலும் டப்பாவில் சோம்பு வாசம் போகாது. கலாவின் தீபாவளிப் பாவாடையை முகர்ந்து பார்த்துவிட்டு அவள் சிநேகிதி, “உங்க வீட்ல பிரியாணியாடி?” என்று கேட்டாளே, நினைவிருக்கிறதா?

செவ்வாய்க்கிழமை உன் கடைக்கு லீவு. டவுனிலிருந்து எஸ்டேட் லோரியில் தொற்றிக்கொண்டு வருவாய். பாய்க்கு, அதுதான் உன் வீட்டுக்காரருக்கு, அன்றைக்கு மட்டும் மிச்சக் குழம்பு. வாசலிலேயே சத்தம் தொடங்கும். “ஏ புள்ள, தண்ணி கொதிக்குதா? தேயிலத் தோட்டத்துல இருந்துக்கிட்டு இவ போடுற டீயப் பாரு, கழுவுன தண்ணி மாதிரி.” டீ குடித்து முடித்ததும் முதல் வேலையாக என் ஊசிகளை எடுப்பாய்.

என் கண் அப்படி. எதிர்மலையில் கூடை தூக்கிப் போவது யார் என்று நடையை வைத்தே சொல்வேன், கையில் இருக்கும் ஊசியின் காது தெரியாது. கண்ணாடி போட்டாலும் தெரியாது. தைக்கத் தெரியும், நூல் கோர்க்கத் தெரியாது. இப்படி ஒரு தையல்காரி உலகத்தில் உண்டா என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொண்டே அந்த வாரத்துக்கு வேண்டிய ஊசிகளையெல்லாம் கோர்த்து, முடிச்சுப் போட்டு, தலையணையில் வரிசையாகக் குத்தி வைத்துவிட்டுத்தான் உன் பூ வேலையைக் கையில் எடுப்பாய். பூ வேலை உனக்கு, நேர்த்தையல் எனக்கு. அப்படித்தான் பிரித்திருந்தோம்.

ஆனால் நூலைக் குட்டையாகத்தான் கோர்ப்பாய். அதற்காக எத்தனை சண்டை!

“அடி கஞ்சப் பிசினாறி, இத்தினியூண்டு நூலு எத்தன தையலுக்குக் காணும்?”

“நீட்டிக் கோத்தா சிக்கு விழும் புள்ள. தீந்துட்டா நான் வரமாட்டேனா?”

தீர்ந்துவிட்டால் நான் வரமாட்டேனா. எத்தனை சுலபமாகச் சொன்னாய்.

தலையணைக் கதையைக் கேள். மறந்திருக்க மாட்டாய், ஆனாலும் எனக்குச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது. முதல் தலையணை நான் செய்தது. அப்போது ஃபேக்டரியில் சலிக்கும் பக்கம் வேலை எனக்கு. மாவு போல் இருக்கும் தேயிலைத் தூளைக் கைக்குட்டையில் கட்டிக்கொண்டு வந்து, உறை தைத்து, உள்ளே அடைத்தேன். என்ன பெருமை எனக்கு! கும்மென்று வாசம், ஊசியும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். இந்த மலையின் ஈரத்தைத் தேயிலை எப்படிக் குடிக்கும் என்று ஃபேக்டரிக்காரி நான் யோசிக்க வேண்டாமா? யோசிக்கவில்லை. மழை மாதம் வந்தது. தூள் ஈரத்தைக் குடித்து, உள்ளே இருந்த ஊசிகளெல்லாம் கறுத்துப் போயின. அது தெரியாமல் நான் உன்னுடைய புதுத் தெலகோங்கை எடுத்து வைத்துக்கொண்டு ஓரம் தைத்தேன். நீ தொழும்போது தலையிலிருந்து போர்த்திக்கொள்ளும் அங்கி, பால் போல் வெள்ளை. ஊசி ஏறிய இடத்தில் ஒரு கறை, கறுப்புமில்லாமல் பழுப்புமில்லாமல்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீ அதை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாய். பிறகு சிரித்தாய் பார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். “இவளுக்கு டீதான் போடத் தெரியாதுன்னு நெனச்சேன். ஊசியிலயும் டீ ஊத்திட்டாளே!”

சோப்பு, எலுமிச்சை எதற்கும் அந்தக் கறை மசியவில்லை. அடுத்த செவ்வாய் அதன்மேல் மஞ்சள் நூலால் ஒரு பொட்டு வைத்து, சுற்றி வெள்ளை இதழ் இதழாகப் போட்டாய். தேயிலைப் பூ. கவாத்து வெட்டாமல் வளர விட்ட தேயிலைச் செடியில் பூக்குமே, அதே பூ. வெள்ளைத் துணியில் வெள்ளைப் பூ, கிட்டப் போனால்தான் தெரியும்.

அப்புறம்தான் நீ இந்தத் தலையணையைச் செய்தாய். கலாவின் பழைய ஸ்கூல் பாவாடைத் துண்டு உறை. உள்ளே நம் இருவர் சீப்பிலும் சேர்ந்த முடி. “முடியில எண்ண இருக்குதுல்ல, ஊசி துருப்புடிக்காது. உள்ள என்னா இருக்குன்னு மூச்சு விட்றாத” என்று சொல்லிக்கொண்டே உறையின் வாயைத் தைத்தாய். என் நரையும் உன் மருதாணிச் சிவப்பும் உள்ளே கலந்து கிடக்கின்றன. இத்தனை மழைக்குப் பிறகும் ஒரு ஊசிகூடத் துருப்பிடிக்கவில்லை.

போன தீபாவளிக்கு மூன்று வாரம் முன்னால் வந்த செவ்வாய்தான் நீ கடைசியாக வந்தது. அது கடைசி என்று யார் கண்டது? லேசாக இருமினாய். “பனி ஒத்துக்கல” என்றாய். பேத்தியின் பாவாடைக்கு வேண்டிய நிறமெல்லாம் கோர்த்து முடித்து, கடைசி ஊசியில் வெள்ளை நூலைக் கோர்த்தாய்.

“வெள்ள எதுக்குடி? தீவாளிக்கு யாரு வெள்ள போடுறா?”

“தீவாளிக்கு இல்ல. என் தெலகோங்கு ஓரம் பிரிஞ்சு கெடக்கு. அடுத்த வாரம் கொண்டாறேன், தெச்சுக் குடு.”

அடுத்த வாரம் உன்னை மூச்சு முட்டுகிறதென்று ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். திரும்பக் கொண்டு வந்தபோது வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தார்கள். அந்தத் துணியில் தையலே இருக்கக் கூடாதாம், பாய் சொன்னார். ஊருக்கெல்லாம் ஓரம் மடித்துப் பூப்போட்டவளுக்கு ஒரு தையல்கூட இல்லாத துணி. எனக்குத் தாங்கவில்லை. நானும் கை வைக்க முடியாத துணி அது.

நீ கோர்த்து வைத்த ஊசிகளைத் தொடவே மனசில்லை. பேத்திதான், “அம்மாயி, என் பாவாட?” என்று வந்து நின்றாள். நீலத்தை எடுத்தேன். பிறகு அரக்கு, பிறகு கிளிப்பச்சை. ஒவ்வொரு ஊசியும் காலியாகும்போது எனக்குள் ஏதோ குறைந்தது. வெள்ளையை மட்டும் விட்டுவைத்தேன். வெள்ளைப் பட்டனே பிய்ந்து விழுந்தாலும் சரி, அந்த ஊசி அங்கேயே இருக்கட்டும் என்று விட்டேன். அது இருக்கிறவரை நீ கொண்டு வருவதாகச் சொன்னதும் இருக்கிறது. பைத்தியக்காரத்தனம்தான். இருக்கட்டுமே, யாருக்கு நஷ்டம்?

இந்த வருடம் தைப்பூசம் முடிந்த கையோடு நோன்பு வருகிறது. நேற்று பாய் வந்தார். ஆள் பாதியாகிவிட்டார், டீயை வாங்கி வைத்துக்கொண்டு குடிக்கவில்லை. கையில் ஒரு பை.

“தங்கச்சி, மக கேக்குறா. நோம்புக்கு அவ அம்மா தெலகோங்கத்தான் போட்டுத் தொழுவேங்கிறா. ஓரம் பிரிஞ்சு கெடக்குது. டவுன்ல தையக்கடைல குடுக்குறேன்னேன். வேணாம் வாப்பா, பெரியம்மாகிட்டயே குடுங்க, அம்மா அவங்களத்தான் தெக்க விடுவாங்கன்னுட்டா.”

பையை வாங்கிக்கொண்டேன். அவர் போனதும் பிரித்தேன். ஓரத்தில் ஒரு முழ அளவுக்குப் பிரிந்து தொங்கியது. பக்கத்திலேயே அந்தத் தேயிலைப் பூ.

அதனால்தான் இன்று காலை கலாவிடமிருந்து அப்படிப் பிடுங்கினேன். வெள்ளை ஊசி அதில்தானே இருக்கிறது. அந்த நூலால் தைத்தால் தீர்ந்துவிடும். அதைத் தொடாமல் என் டிராயர் நூலால் தைத்துக் கொடுத்தால் உன் மகளுக்குத் தெரியப் போவதில்லை, உன் ஊசியும் எனக்கு மிஞ்சும். மத்தியானம்வரை அதையேதான் நினைத்துக்கொண்டு டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன். கலா அவற்றை அலமாரியின் அடித்தட்டில் தள்ளியிருந்தாள். பெருநாள் டப்பாவைத் தேடி எடுத்து, தைப்பூச டப்பாவுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தேன். மூடியைத் திறந்தால் இன்னும் சோம்பு வாசம்.

அப்புறம் என்மேலேயே எனக்குக் கோபம் வந்தது. நீ எதற்குக் கோர்த்தாயோ அதற்கில்லாமல் பிறகு எதற்கு அந்த ஊசி?

ஜன்னலோரம் உட்கார்ந்து தெலகோங்கை மடியில் போட்டேன். நீ போட்ட முடிச்சு, எச்சில் தொட்டு விரலில் உருட்டியது, அப்படியே இருந்தது. மெதுவாகத் தைத்தேன். இவ்வளவு மெதுவாக நான் என்றைக்கும் தைத்ததில்லை. சின்னச் சின்னத் தையலாகப் போட்டால் நூல் சீக்கிரம் தீரும், பெரிதாகப் போட்டால் நீ ஏசுவாய். சின்னதாகவே போட்டேன். பூவைத் தாண்டி நாலு விரல் போனது. அதற்குமேல் நூல் இல்லை. பாதிதான் முடிந்திருந்தது, எப்போதும் போல.

தீந்துட்டா நான் வரமாட்டேனா?

வாசலைப் பார்த்தேன். உண்மையாகச் சொல்கிறேன், திரும்பிப் பார்த்தேன். வாசலில் கலா டிராயர் வந்த அட்டைப்பெட்டிகளை மடித்துக்கொண்டிருந்தாள். வரமாட்டாய். நீ வரமாட்டாய் என்று இன்றுதான் எனக்கு உறைத்தது. துணியில் கண்ணீர் விழக் கூடாதென்று தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

கலா வந்து என்னையும் துணியையும் பார்த்தாள். நூல் கோர்க்கவென்று ஒரு குட்டிக் கம்பி வாங்கி வந்திருக்கிறாள், அதை எடுத்து மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். ஊசியின் காதில் கம்பியை நுழைத்து, அதற்குள் நூலை விட்டு இழுத்தால் போதும். சும்மா சொல்லக் கூடாது, நல்ல சாமான்தான். இரண்டாவது தடவையிலேயே கோர்த்துவிட்டேன். ஆனால் நூல் கோர்க்க ஆளில்லை என்பதா என் குறை?

மீதி ஓரத்தை என் நூலால் தைத்து முடித்தேன். உன் நூல் பழசு, கொஞ்சம் பழுத்த வெள்ளை; என்னுடையது பளிச்சென்று இருக்கிறது. இரண்டும் சேரும் இடம் தெரிகிறது. தெரியட்டும், பிரித்துத் தைக்கப் போவதில்லை. இஸ்திரி போட்டு மடித்து வைத்திருக்கிறேன். நாளைக்குப் பாய் வந்து வாங்கிக்கொள்வார். உன் மகள் அதைப் போர்த்திக்கொண்டு உனக்காக ஆண்டவனிடம் கேட்பாள், எனக்கு அது போதும்.

அறை ஒழுங்காகிவிட்டது. நடுவீட்டில் ஒரு ஊசி கிடையாது, யாரும் பயப்படாமல் உட்காரலாம். கலாவின் காந்தத்தைக் குண்டூசிகளுக்குக் கொடுத்துவிட்டேன். தலையணை மிஷினுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதே ஊசியில், குட்டையாக, வெள்ளை நூல் கோர்த்து, முடிச்சுப் போட்டுக் குத்தி வைத்திருக்கிறேன்.

நாளைக்குச் செவ்வாய்க்கிழமை. கடைக்கு லீவுதானே.