கறுப்பு ரத்தக்காட்டேரி

அக்டோபர் 11, 2009. ஞாயிறு.

காலையிலிருந்து தூறல். சர்ச்சுக்குப் போகவில்லை. தலைவலி என்று பொய்.

நான் ரத்தக்காட்டேரியாக நிற்கப்போகும் ஹாலோவீன் போட்டோவுக்கு வேண்டியவை: இடுப்பை இறுக்கிக் கட்டும் கறுப்பு கார்செட் (தைக்கணும்). முழங்கால் வரை பூட்ஸ், இருக்கிறது. சிவப்பு லிப்ஸ்டிக். கோரைப்பல், கிடைக்காவிட்டால் வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். பழக்கம்தானே.

பூட்ஸ் எங்கள் ஆம்பூர் ஷூ கம்பெனி சாம்பிள். வெளிநாட்டில் அக்டோபர் கடைசியில் பேய் வேஷம் போடுவதற்கு நாங்கள் ஜூனிலேயே பக்கிள் வைத்துப் பெட்டி கட்டிவிடுகிறோம். ஹாலோவீன் இந்த ஊருக்கு ஜூனில் வந்து ஜூனிலேயே கப்பல் ஏறிவிடும்.

படம் எடுப்பது வில்சன் அண்ணன். பெரியம்மா மகன், கல்யாண போட்டோகிராபர். இடம்: ஆற்றோரம் மூடிக் கிடக்கும் தோல் பதனிடும் டேனரி. ஆள் உயர மரப் பீப்பாய்கள், தோல் மாட்டும் கொக்கிகள், உடைந்த ஓடு வழியாக வெளிச்சம். இது இருக்கும்போது ரத்தக்காட்டேரிக்குத் தனியாக ஒரு கோட்டை எதற்கு?

ஏன் இவ்வளவு ஆசை என்று இங்கேயாவது எழுதலாம். போன வருடம் வரன் பார்க்க எடுத்த படத்தில் ஸ்டுடியோக்காரர் என் முகத்தைக் கம்ப்யூட்டரில் வெளுத்துவிட்டார். பெண் பார்க்க வந்தவர்கள் படத்தையும் என்னையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். "போட்டோல வேற மாதிரி இருந்துச்சே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, காபியை ஆற்றிக்கொண்டே.

என் நிறத்திலேயே ஒரு நல்ல படம் வேண்டும். அவ்வளவுதான். இருட்டில் திரிகிற ரத்தக்காட்டேரி இருட்டின் நிறத்தில் இருந்தால் என்ன?

அக். 14, புதன்.

சாம்பிள் செக்‌ஷன் செல்வி அக்கா கார்செட்டைத் தைத்து முடித்தார். ரிஜெக்ட் ஆன ஆட்டுத்தோல். மெத்தென்று.

"இன்னாமா இது, மூச்சு வுடுவியா?"

"பேய்க்கு எதுக்குக்கா மூச்சு?"

"இதயே கல்யாணத்துக்குப் போட்டுக்கினு நில்லு. மாப்ள செருப்பக்கூட வுட்டுட்டு ஓடுவான்."

லைன் முழுக்கச் சிரிப்பு. பாத்ரூம் கண்ணாடியில் போட்டுப் பார்த்தேன். கையுறை மாதிரி பொருந்தியது. வெகுநாளைக்குப் பிறகு என்னை எனக்குப் பிடித்தது.

அக். 18, ஞாயிறு.

நேற்று தீபாவளி. தெருவெல்லாம் ஈரமான பட்டாசுக் காகிதம்.

ஜெனி போன் செய்தாள். சர்ச் பாடகர் குழுவில் முன்வரிசை, நர்சிங் மாணவி, நல்ல சிவப்பு.

"அக்கா, அந்த டிரெஸ் எனக்கு டைட்டா இருக்கும்னு வில்சன் அண்ணா சொன்னாரு. கொஞ்சம் லூஸ் பண்ணித் தர்றீங்களா?"

படத்தில் நிற்கப்போவது நானில்லை, அவள் என்று இப்படித்தான் எனக்குத் தெரிந்தது. உடனே வில்சனுக்கு போன்.

"கோச்சிக்காத பாப்பா. ரத்தக்காட்டேரின்னா வெளுப்பா இருக்கணும். உனக்குப் பவுடர் அடிச்சா சாம்பல் பூசின மாதிரி இருக்கும். ஐடியா ஃபுல்லா உன்னுதுதான், நான் இல்லேன்னு சொல்லல. நீ தெர்மாகோல் புடி, லைட்டுக்கு."

"டிரெஸ் என் அளவுண்ணா."

"பிரிச்சுத் தச்சா ஆச்சு. பேஜார் பண்ணாத."

கேமரா அவனுடையது.

அக். 21, புதன்.

பிரித்தேன். நானே. துணியில் பழைய தையல் நாளடைவில் மறையும். தோலில் ஊசி இறங்கின இடம் அப்படியே நிற்கும். உள்ளே மடித்திருந்த தோலை வெளியே விட்டு, ஓரத்தில் புதுத் தையல். இரண்டு பக்கமும் என் இடுப்பின் அளவைக் காட்டும் பழைய ஊசி ஓட்டைகள் வரிசையாக.

"மேல ஒரு பட்டி வச்சு மூடிடலாமே" என்றார் செல்வி அக்கா.

"வேணாம்க்கா."

"யாருக்கு இது?"

"அழகா இருக்கற ஒருத்திக்கு."

நூலைப் பல்லால் நறுக்கென்று கடித்தார்.

அக். 25, ஞாயிறு.

டேனரி. மூடியும் போகாத சுண்ணாம்பு நாற்றம். ஜெனி நல்ல பெண், அதுதான் கஷ்டம். "அக்கா, நீங்களும் ஒண்ணு நில்லுங்களேன்" என்றாள். "லைட்டு போய்டும்மா" என்றான் வில்சன். தெர்மாகோல் அட்டையைத் தூக்கித் தூக்கிக் கை மரத்துப்போனது. இருந்த வெளிச்சத்தையெல்லாம் அவள் முகத்துக்குத் திருப்பிக் கொடுத்தேன்.

வில்சன் கேமராவின் திரையைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்தான். "இன்னா இது, இடுப்புல புள்ளி புள்ளியா?"

"தையல் ஓட்டை. என் அளவு."

"எடுக்க முடியாதா?"

"தோல்ல எடுக்க முடியாது."

சந்தோஷம். கேவலமான சந்தோஷம்தான், ஆனாலும் வீடு வரை கூடவே வந்தது.

அக். 31, சனி.

வேலை முடிந்து நெட் சென்டர். வில்சன் படத்தை நெட்டில் போட்டுவிட்டான். பீப்பாய், கொக்கி, பூட்ஸ், சாய்ந்த வெளிச்சம், எல்லாம் நான் நினைத்தபடி. நினைத்ததைவிட நன்றாக.

இடுப்பைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஓட்டைகள் இல்லை. கம்ப்யூட்டரில் அழித்துவிட்டான். ஊசியே காணாத தோல் மாதிரி வழவழவென்று.

கீழே ஜெனி பெயர். வில்சன் பெயர்.

நவம்பர் 1, ஞாயிறு.

மழை. சர்ச்சில் ஜெனி கார்செட்டைத் திருப்பிக் கொடுத்தாள். பூப்போட்ட பையில், அழகாக மடித்து.

கதவைச் சாத்திக்கொண்டு மறுபடி பிரித்தேன். என் அளவுக்குக் கைத்தையல். ஊசி வழி தேடவே இல்லை, பழைய ஓட்டைகளிலேயே இறங்கியது. ஜெனியின் ஓட்டைகள் மடிப்புக்குள் போய்விட்டன.

நைட்டிக்கு மேலேயே கட்டிக்கொண்டு நின்றேன். அம்மா கதவைத் தள்ளினாள்.

"இன்னாடி இது கோலம்? சரி, கேளு. ஓசூர்ல ஒரு வரன் வந்துருக்கு. போட்டோ கேக்கறாங்க. வில்சன வரச் சொல்லி எடுத்துக்க, கொஞ்சம் கலரா வர மாதிரி."

"இப்பவே வரச் சொல்லும்மா. இதோடயே எடுக்கட்டும்."

அம்மா சிரிக்கவில்லை. நானும்.