கப்பலில் எல்லாம் சரி

கல்பாக்கம்
9 டிசம்பர் 2001

அன்புள்ள ரோஹித் அண்ணாவுக்கு,

ஸ்வாதி எழுதுகிறேன். இந்த முகவரி சரிதானா என்றுகூட எனக்குத் தெரியாது. உன்னோடு அறையில் தங்கியிருந்த ரமேஷுக்கு நான்கு முறை மெயில் போட்ட பிறகு, நீ அக்டோபரிலேயே காலி செய்துவிட்டாய், டல்லாஸில் தெரிந்தவர் வீட்டுக்குப் போயிருக்கலாம் என்று எழுதி இதைக் கொடுத்தார். உன் ஆபீஸுக்கும் போன் செய்தேன். அப்படி யாரும் இப்போது இங்கே வேலையில் இல்லை என்று சொல்லி ஒரு பெண் போனை வைத்துவிட்டாள். பூத்துக்காரர் கோதண்டராமன் என் முகத்தைப் பார்த்து, "இன்னாம்மா, அண்ணன் லைன்ல வரலியா? வூட்ல சொல்லிட்டியா?" என்று கேட்டார். சொல்லவில்லை அண்ணா. சொல்லாதது மட்டுமில்லை, அதைவிடப் பெரிய காரியம் ஒன்று செய்து வைத்திருக்கிறேன். திட்டாமல் படி.

உன் கடைசி மெயில் செப்டம்பர் மூன்றாம் தேதி வந்தது. அதற்கப்புறம் நியூயார்க்கில் அந்தக் கட்டிடங்கள் இடிந்ததை டிவியில் பார்த்ததிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. நீ இருப்பது வேறு ஊர் என்று அப்பா மேப்பை விரித்துக் காட்டியும் அவள் நம்பவில்லை. அதனால் நான் பிரவுசிங் சென்டருக்குப் போய், நீ எழுதுவது போல நானே ஒரு கடிதம் டைப் செய்து பிரிண்ட் எடுத்து வந்தேன். ராத்திரி ஷிப்ட், அதனால் போன் செய்ய முடியவில்லை என்று எழுதியிருந்தேன். அம்மா அன்றைக்கு இரண்டு தோசை சாப்பிட்டாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். இதுவரை ஏழு ஆகிவிட்டது.

மூன்றாவது கடிதத்துக்கே எனக்கு உன் பாணி கைவரவில்லை. நீ முன்பு எழுதியதைப் பார்த்துப் பழகத்தான் பரண்மேல் கிடந்த பழைய 486 கம்ப்யூட்டரை இறக்கினேன். 'வேகா நைன்' கேம் அதில் இன்னும் இருக்கிறது. விதைகளை ஏற்றிக்கொண்டு வேறொரு சூரியனுக்குப் போகும் கப்பல். பதினொரு பிளாப்பியில் வந்தது, ஆறாவது மட்டும் அடிக்கடி மக்கர் பண்ணும். நீ விளையாடுவாய், நான் பக்கத்தில் டிக்‌ஷனரியோடு உட்கார்ந்து கடினமான வார்த்தைக்கெல்லாம் அர்த்தம் சொல்லுவேன். கேப்டன் நீ, டாக்டர் நான், அப்பா பேரில் எஞ்சினியர் கேசவன், அம்மா பேரில் சமையல் சியாமளா. ஆக்ஸிஜன் குறைந்தால் முதலில் மயங்கி விழுவது சமையல்காரி. "போயும் போயும் அதுக்கா என் பேரை வெச்சே?" என்று அம்மா உன்னை விரட்டியது ஞாபகம் இருக்கிறதா? இத்தனை வருஷம் கழித்துப் பார்த்தாலும் அந்தக் கட்டம் கட்டமான நட்சத்திரங்கள் அழகாகத்தான் இருக்கின்றன. எனக்கு அழுகை வந்துவிட்டது.

தினமும் கேப்டன் குழுவுக்கு ஓர் அறிக்கை அனுப்ப வேண்டும். உண்மை நிலவரத்தைச் சொல்லலாம், அல்லது 'கப்பலில் எல்லாம் சரி' என்று அனுப்பலாம்; கூடவே நாமே சில வரிகள் டைப் செய்யலாம். உண்மையைச் சொன்னால் குழுவின் நம்பிக்கைப் புள்ளி இறங்கும், அது உனக்குப் பொறுக்காது. நீ அனுப்பிய அறிக்கைகள் வரிசையாக அப்படியே இருக்கின்றன. ஒவ்வொன்றாகப் படித்தேன். நாற்பத்தோராம் நாள், ஆக்ஸிஜன் இருப்பு பத்தொன்பது சதவீதம், எல்லாம் சரி. ஐம்பதாம் நாள், எரிபொருள் கசிவு, எல்லாம் சரி. உண்மையிலேயே நன்றாக இருந்த நாட்களில் நீ கதை கதையாக எழுதியிருக்கிறாய். நிலைமை மோசமாக மோசமாகத்தான் உன் வரிகள் சின்னதாகின்றன.

உன் செப்டம்பர் மெயிலில் இருந்தது இவ்வளவுதான். "இங்கே எல்லாம் சரி. கவலைப்பட வேண்டாம்."

உனக்கு அப்போதே வேலை போயிருக்கிறது, இல்லையா?

நீ மாவு மெஷினுக்குப் போயிருந்த ஒரு நாள், நான் உனக்குத் தெரியாமல் உண்மை அறிக்கையை அனுப்பிவிட்டேன். நம்பிக்கை எண்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்கு விழுந்தது. நீ வந்து என் தலையில் குட்டினாய். ஆனால் அடுத்த திரையிலேயே எஞ்சினியர் கேசவன் வந்து, தன்னிடம் ஒரு ஸ்பேர் பம்ப் இருக்கிறது, இத்தனை நாளாக யாரும் சொல்லவில்லையே என்றார். கப்பல் பிழைத்தது. குருட்டு அதிர்ஷ்டம் என்று சொல்லிவிட்டு நீ விளையாட்டைத் தொடர்ந்தாய். அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

இப்போது வந்திருக்கிற சிக்கலைக் கேள். போன மாதம் அம்மா ரொம்ப அழுதாள் என்று, 'பொங்கலுக்கு வரப் பார்க்கிறேன்' என்று ஒரு வரி சேர்த்துவிட்டேன். அவள் அதையே பிடித்துக்கொண்டு கூடுவாஞ்சேரியில் சுஷ்மிதா என்று ஒரு பெண்ணின் வீட்டில் பேசி, ஜனவரி இருபது பெண் பார்க்க நாள் குறித்துவிட்டாள். குவார்ட்டர்ஸில் நம் பிளாக் முழுக்கச் சொல்லியாயிற்று. உனக்குப் பிடிக்கும் என்று வடாம் வேறு பிழிந்து வைத்திருக்கிறாள். நான் எந்த முகத்தோடு அதைத் தடுப்பது?

நேற்று அப்பா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டார். அவர் எதையும் பைல் போடுகிறவர் என்பது உனக்குத் தெரியும். ஏழு கடிதங்களும் ஓட்டை போட்டு, தேதிவாரியாக அவர் கையில் இருந்தன. "மெயில் பிரிண்ட்ல மேல அட்ரஸும் நேரமும் வரும். இது ஒண்ணுலயும் இல்லை. அம்மா கவனிக்கலை. அடுத்ததுல சேர்த்துடு" என்றார். எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டேன். முதல் கடிதத்திலிருந்தே என்றார். என்னைத் திட்டவில்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டே ஒன்று மட்டும் கேட்டார்: "அவன் இருக்கானாம்மா?"

அதற்காகத்தான் இன்று உட்கார்ந்து இதை எழுதுகிறேன் அண்ணா.

வேலை போனதை யாரும் பெரிதாக நினைக்க மாட்டார்கள். பெண் வீட்டாரிடம் நான் பேசிக்கொள்கிறேன், அம்மாவின் திட்டையும் நானே வாங்கிக்கொள்கிறேன். நீ திரும்பி வந்தாலும் சரி, அங்கேயே இருந்தாலும் சரி. வீட்டுக்கு ஒரே ஒரு போன் செய். காலை ஏழு மணிக்குள் செய்தால் ஆபீஸ் பஸ்ஸுக்கு முன்னால் அப்பாதான் எடுப்பார். விளக்கம் எதுவும் சொல்ல வேண்டாம். "அப்பா" என்று கூப்பிடு, அது போதும்.

உன் குரலுக்காகக் காத்திருக்கும்,
தங்கை ஸ்வாதி